கொம்பில் வயதைப் படிக்கும் வேட்டை

அரிசோனாவின் பாலைவன மலைகளில் வாழும் பிக்ஹார்ன் என்னும் பெருங்கொம்பு ஆட்டை வேட்டையாட, குலுக்கலில் வெல்பவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு கிடாதான். பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும் சீட்டு விழுவதில்லை. விழுந்தால் பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 31 வரை அவகாசம். அந்த ஒரு கிடா வயது முதிர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதுதான் இந்த வேட்டையின் மையம். அதனால் இதில் நடப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பது அதிகம்.

இந்த ஆட்டின் முதல் பாதுகாப்பு கண்பார்வை. செங்குத்துப் பாறைகளை ஒட்டியே மேயும். ஆபத்து தெரிந்தால் சில நொடிகளில் சரிவில் ஏறிவிடும். குளம்பின் ஓரம் கடினம், உட்புறம் ரப்பர் போல மென்மை. ஓரம் பாறை விளிம்பைப் பற்றும், உட்புறம் வழுக்காமல் பிடிக்கும். பூட்ஸ் போட்ட மனிதர் அதைத் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். அது நம்மைப் பார்ப்பதற்கு முன் நாம் அதைப் பார்த்துவிட வேண்டும்.

பைனாகுலரைக் கையில் பிடித்துத் தேடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கையின் நடுக்கத்தையும் 10 மடங்காக்கும். முக்காலியில் பொருத்தினால் படம் நிற்கும். நின்ற படத்தில்தான் ஒரு காது அசைவதும் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, எதிர்மலையை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். முழு ஆட்டைத் தேடாதீர்கள். உடல் பாறையின் நிறத்தில் கரைந்துவிடும். பின்புறத்து வெள்ளைத் திட்டு மட்டும் தனியாகத் தெரியும். நண்பகலில் பாறை சூடேறினால் கானல் அலை எழுந்து தூரத்துக் காட்சியைக் கலைத்துவிடும். எனவே கொம்பைப் பார்த்து வயதைக் கணிக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

கிடா கண்ணில் பட்டதும் கடினமான பகுதி தொடங்குகிறது: கொம்பில் வயதைப் படிப்பது. மான் கொம்பு போல இந்த ஆட்டின் கொம்பு உதிர்வதில்லை. உள்ளே எலும்பு, வெளியே நகத்தின் பொருளான கெரட்டின் உறை. புதிய வளர்ச்சி அடியில் உருவாகிப் பழையதை வெளியே தள்ளும். ஆகவே கொம்பின் நுனிதான் குட்டிப் பருவம். ஆண்டுக்கு ஒருமுறை வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கும்போது ஆழமான பள்ளம் ஒன்று கொம்பைச் சுற்றி விழும். அந்த வளையங்களை எண்ணினால் வயது. கொம்பு முழுக்கச் சுருக்கங்கள் இருப்பதால் குழப்பம் வரும். சுருக்கம் பாதியில் மங்கிவிடும், ஆண்டு வளையம் முழுச் சுற்றும் தொடரும்.

இளம் வயதில் வளையங்களுக்கு இடையே தூரம் அதிகம். வயது ஏற ஏற அடியில் நெருக்கமாக அடுக்கும். கிழக் கிடாவை ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் ஒற்றைக்கண் தொலைநோக்கியில் அடையாளம் காண அந்த நெருக்கமே நல்ல சான்று. நுனியைப் பாறையில் தேய்த்தும் சண்டையில் உடைத்தும் முதலாண்டு வளர்ச்சியையே இழந்த கிடாக்கள் நிறைய. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வயது குறைவாக வரும். நுனி கூராக, சுருள் அழகாக உள்ள கிடாவைக் கண்டு மயங்கவேண்டாம். அது பெரும்பாலும் இளையது. நுனி மழுங்கி, பருமன் கடைசிவரை குறையாத கொம்பே முதுமையைச் சொல்லும்.

நெருங்கும்போது காற்றைக் கவனிக்கவேண்டும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் பட்டபின் மேலேறும். பகலில் மேலிருந்து இறங்கினால் நம் வாடை ஆட்டிடம் போகாது. அது பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தையே கண்காணிப்பதால் இரட்டை லாபம். கல் உருளும் ஒலி அதற்குப் பழக்கமானது, ஆனால் மலைமுகட்டில் வானத்தின் பின்னணியில் தெரியும் மனித உருவத்தை மன்னிக்காது.

சரிவில் சுடும்போது பலர் இலக்குக்கு மேலே சுட்டுவிடுகிறார்கள். தோட்டாவைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பின் விளைவைக் கிடைமட்டத் தூரமே தீர்மானிக்கிறது. 300 மீட்டர் தொலைவில் 30 பாகைச் சரிவில் நிற்கும் கிடாவுக்குக் கணக்கில் வருவது 260 மீட்டர்தான். 45 பாகை என்றால் 212. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் விதி ஒன்றே. 200 மீட்டரில் குறி சரியாகப் படும்படி அமைத்த சாதாரண வேட்டைத் துப்பாக்கியில், 30 பாகைச் சரிவில் 300 என்று எண்ணிக் குறிவைத்தால் தோட்டா ஏறத்தாழ 10 செ.மீ. மேலே போகும். கோணம் காட்டும் தூரமானி இதைத் தானே கணக்கிட்டுவிடும். குறிவைப்பதற்கு முன் கிடா எங்கே விழும் என்றும் பார்க்கவேண்டும். பாறை விளிம்பில் நிற்பதைச் சுட்டால் அது பள்ளத்தில் உருண்டு இறைச்சியும் கொம்பும் நாசமாகும்.

இறைச்சியை எலும்பு நீக்கி, தலையோடும் தோலோடும் முதுகில்தான் சுமந்து இறக்கவேண்டும். ஏறும்போது எளிதாகத் தெரிந்த பாறை, சுமையோடு இறங்கும்போது எமனாகும். போகும் வழியிலேயே திரும்பும் வழியை முடிவுசெய்து வைப்பது நல்லது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். சோயா (cholla) என்னும் பாலைவனக் கள்ளியின் முள்ளைப் பிடுங்க ஒரு சீப்பும் குறடும் பையில் இருக்கட்டும்.

சுமை தூக்க வீட்டு வெள்ளாடுகளை மட்டும் இந்த மலைகளுக்குக் கூட்டிப் போகவே கூடாது. வளர்ப்பு ஆடுகளைப் பெரிதாக வாட்டாத ஒரு மைக்கோபிளாஸ்மா நுண்ணுயிர் பிக்ஹார்ன்களுக்கு நிமோனியாவைக் கொடுக்கிறது. 2013இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓல்ட் டேட் சிகரப் பகுதியில் அந்த நோய் பரவி ஏராளமான ஆடுகள் மடிந்தன. மந்தையில் ஒருமுறை புகுந்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் குட்டிகளும் அந்த நிமோனியாவில் செத்துக்கொண்டிருக்கும்.