விகிதம் இறங்கியது, வரி ஏறியது

டெக்சாஸில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் கவுண்டியில் சொத்து வரி விகிதத்தைக் குறைத்துவிட்டோம் என்கிறார்கள். எனக்கு வந்த பில்லோ போன வருடத்தைவிட அதிகம். இது எப்படி? யார் பொய் சொல்கிறார்கள்?”

யாரும் பொய் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு வகுத்தல் கணக்கு ஒன்று செய்யும் வேலை இது. அந்தக் கணக்கைச் சுற்றி டெக்சாஸ் சட்டம் கட்டியிருக்கும் இயந்திரத்தைப் பார்த்தால், அதை வடிவமைத்தவர்களில் ஒரு பொறியாளரும் இருந்திருப்பாரோ என்று சந்தேகம் வருகிறது.

கவுண்டி என்றதும் நம் மாவட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாவட்டத்துக்குக் கலெக்டரை மேலிருந்து அனுப்புகிறார்கள். டெக்சாஸ் கவுண்டியை நடத்துகிறவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள். கவுண்டி ஜட்ஜ் ஒருவர், கமிஷனர்கள் நால்வர். ஐவரும் சேர்ந்தது ‘கமிஷனர்ஸ் கோர்ட்’. பெயரில்தான் கோர்ட், வேலை நிர்வாகம். ஜட்ஜ் வக்கீலாக இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. மாநிலச் சட்டங்களை நன்கு அறிந்தவராக இருந்தால் போதும் என்கிறது 1876-ஆம் ஆண்டு அரசியல் சாசனம். டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேருக்கு மேல். லவிங் கவுண்டியில் அதே கணக்கெடுப்பில் 64 பேர். இரண்டுக்கும் அதே ஐந்து நாற்காலிகள்தான்.

இந்த ஐவரின் அன்றாட வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களும் அதைச் சீக்கிரமாகத்தான் முடிக்கிறார்கள். கூட்டத்தின் பொருள்பட்டியலைக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்க முடியாது. போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பில் பட்டுவாடா, ஊழியர் மாற்றங்கள், ஷெரிப் அலுவலகத்துக்கு வண்டி, சாலைக்கு ஜல்லி என்று யாரும் சண்டை போடாத விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே தீர்மானத்தில், ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய நிறைவேற்றிவிடுவார்கள். இதற்கு ‘கன்சென்ட் அஜெண்டா’ என்று பெயர். மூட்டையில் ஒரு பொருள் மட்டும் உறுத்துகிறது என்றால், ஒரு உறுப்பினர் அதை வெளியே எடுக்கச் சொல்லலாம். அது மட்டும் தனி விவாதத்துக்குப் போகும். நேரில் பார்க்கிறவருக்கு ‘என்ன இது, ஐந்து நிமிடத்தில் ஐம்பது விஷயத்தை முடித்துவிட்டார்களே’ என்று தோன்றும். ஆனால் உண்மையான சல்லடை அதற்கு முன்பே இருக்கிறது. கவுண்டி தணிக்கையாளர் சரிபார்த்து ஒப்புதல் தராத பில்லுக்குக் கோர்ட் பணம் கொடுக்க முடியாது. அந்தத் தணிக்கையாளரை நியமிப்பதும் இந்த ஐவர் இல்லை. வழக்கு விசாரிக்கும் மாவட்ட நீதிபதிகள். செலவு செய்கிறவரின் கையில் கணக்குப் பார்க்கிறவரின் வேலை இல்லை. நம் ஊரில் பல சங்கங்களுக்கு இதை எழுதி மாட்டலாம்.

சரி, வரிக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

டெக்சாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. கவுண்டிக்கு முதன்மையான வருமானம் சொத்து வரி. வீட்டின் மதிப்பைச் சொல்வது கவுண்டி இல்லை, மதிப்பீட்டு மாவட்டம் என்ற தனி அமைப்பு. ஜனவரி 1 அன்று வீடு என்ன விலை போகும் என்பதே கணக்கு. நூறு டாலர் மதிப்புக்கு எத்தனை சென்ட் வரி என்பதை மட்டும்தான் கவுண்டி தீர்மானிக்கிறது.

இப்போது நான்கே வீடுகள் உள்ள ஒரு கவுண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். போன வருடம் ஒவ்வொரு வீடும் இரண்டரை லட்சம் டாலர். மொத்தம் பத்து லட்சம். விகிதம் நூறு டாலருக்கு 50 சென்ட். ஆக, வீட்டுக்கு 1,250 டாலர், கவுண்டிக்கு மொத்தம் 5,000.

இந்த வருடம் விலை ஏறிவிட்டது. முதல் இரண்டு வீடுகள் 2,75,000. அடுத்த இரண்டும் 3,25,000. நான்கும் சேர்த்து 12 லட்சம். பழைய 50 சென்ட்டையே வைத்தால், கோர்ட்டில் யாரும் கையைத் தூக்காமலே கவுண்டிக்கு 6,000 டாலர் வந்துவிடும். ‘நாங்கள் வரியை ஏற்றவே இல்லை, அதே விகிதம்தான்’ என்று மேடையில் பேசவும் செய்யலாம்.

இந்தப் பேச்சை அடைக்கத்தான் சட்டம் ஒரு எண்ணைக் கணக்கிடச் சொல்கிறது. போன வருடம் வசூலிக்க விதித்த அதே 5,000 டாலரை, அதே வீடுகளிடமிருந்து, இந்த வருட மதிப்பில் திரட்ட என்ன விகிதம் வேண்டும்? 5,000-ஐ 12 லட்சத்தால் வகுத்தால் நூறு டாலருக்கு 41.67 சென்ட். இதைப் ‘புது வருவாய் இல்லா விகிதம்’ என்று தமிழில் சொல்லலாம். வகுக்கும் எண் ஏறினால் ஈவு இறங்கும், அவ்வளவுதான். ஊரில் வீட்டு விலை எவ்வளவு எகிறினாலும் அந்த ஏற்றத்தை விழுங்கிவிட்டு இந்த எண் தானாகக் கீழே வரும்.

இதில் இரண்டு குறும்புகள் ஒளிந்திருக்கின்றன.

மொத்தம் 5,000 மாறவில்லை. ஆனால் பங்கு மாறிவிட்டது. முதல் இரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஏறக்குறைய 1,146 டாலர் கட்டுவார்கள், போன வருடத்தைவிடக் குறைவு. அடுத்த இருவருக்கும் ஏறக்குறைய 1,354, அதிகம். கவுண்டிக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் போகவில்லை. ஒரு வீட்டுச் சுமை பக்கத்து வீட்டுக்கு நகர்ந்திருக்கிறது. பங்காளிகள் கிணற்றுத் தண்ணீரைப் பிரித்துக்கொள்வது மாதிரி. உங்கள் வீட்டின் மதிப்பு ஊர்ச் சராசரியைவிட வேகமாக ஏறியதா, மெதுவாக ஏறியதா என்பதைப் பொறுத்தே உங்கள் பில் நகரும்.

அடுத்தது, புது வீடுகள் இந்தக் கணக்கில் சேராது. நம் கற்பனைக் கவுண்டியில் மூன்று லட்சத்துக்கு ஐந்தாவதாக ஒரு வீடு புதிதாக எழும்பியிருந்தால், அது 41.67 சென்ட் வீதம் 1,250 டாலர் கட்டும். ஆக, ‘புது வருவாய் இல்லா’ விகிதத்தில் கவுண்டிக்கு 6,250 டாலர் வருகிறது. புது வீட்டுக்குப் புதுச் சாலையும் போலீஸும் வேண்டுமே என்ற நியாயம் இருக்கிறது. ஆனாலும் பெயரை வைத்தவரின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. குடியிருப்புகள் முளைத்துக்கொண்டே இருக்கும் கவுண்டிகள் வருடாவருடம் விகிதத்தைக் குறைத்துக்கொண்டே வளமாக இருப்பதன் ரகசியம் இதில்தான் பாதி.

இனி, கவுண்டிக்கு இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடன் தவணை போன்றவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், 41.67-க்கு மேல் 3.5 சதவீதம் வரை, அதாவது 43.13 சென்ட் வரை கோர்ட்டே முடிவு செய்யலாம். அதைத் தாண்டினால் நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போயாக வேண்டும். 2019-இல் வந்த சட்டத்துக்கு முன்பு இந்த வரம்பு 8 சதவீதமாக இருந்தது.

கவனியுங்கள்: 50 சென்ட்டிலிருந்து 43.13-க்கு இறங்கியிருக்கிறது. யார் கேட்டாலும் குறைப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தத் தீர்மானத்தை முன்மொழிகிற உறுப்பினர் கூட்டத்தில் உச்சரிக்க வேண்டிய வாசகத்தையே சட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறது. ‘இந்த விகிதத்தை ஏற்பதன் மூலம் சொத்து வரி விகிதத்தை உயர்த்த முன்மொழிகிறேன், இது நடைமுறையில் இத்தனை சதவீத உயர்வு’ என்ற பொருளில், சதவீதத்தையும் நிரப்பி அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அரசியல்வாதியின் வாயில் அலகு குத்துகிற மாதிரி ஒரு சட்டப்பிரிவு! இதைப் படித்த அன்று நான் தனியாகச் சிரித்தேன்.

இந்த இயந்திரத்தின் மிக அழகான பல்சக்கரம் இனிமேல்தான் வருகிறது. மற்ற எல்லா வேலைக்கும் ஐவரில் மூவர் வந்தால் போதும், கூட்டம் செல்லும். வரி விதிக்க மட்டும் நால்வர் இருந்தாக வேண்டும். கெடுவுக்குள் விகிதத்தை முடிவு செய்யாவிட்டால்? அரசு முடங்காது. புது வருவாய் இல்லா விகிதம், போன வருட விகிதம் இரண்டில் எது குறைவோ அது தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும்.

இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஐவரில் இருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் வரி ஏறாது. 2019 அக்டோபரில் ஹாரிஸ் கவுண்டியில் இதுதான் நடந்தது. பெரும்பான்மை மூவர் 8 சதவீத உயர்வுக்குத் தயாராக இருந்தார்கள். ஸ்டீவ் ராடக், ஜாக் கேகில் என்ற இரண்டு கமிஷனர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. உயர்வு கைவிடப்பட்டது. 2022-இல் கேகிலும் டாம் ராம்சேயும் அதே உத்தியைக் கையாண்டார்கள். அந்த ஆண்டு விகிதம் தானாகக் கீழ் எண்ணுக்குப் போய் விழுந்தது. நாற்பத்தேழு லட்சம் பேரின் வரியைத் தீர்மானித்தவை இரண்டு காலி நாற்காலிகள்.

ரயில் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரைதான் பிரேக் விலகி நிற்கும். சங்கிலியை இழுத்தாலோ, பெட்டி கழன்று குழாய் அறுந்தாலோ காற்று வெளியேறி, பிரேக் தானாகப் பிடிக்கும். கோளாறு வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது நல்ல பொறியியல். அமெரிக்க நடுவண் அரசில் செலவு மசோதா நிறைவேறாவிட்டால் அலுவலகங்கள் பூட்டிக்கொள்கின்றன. அங்கே சாய்வு வேறு பக்கம்.

ஆனால் இந்தப் பிரேக் யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்கலாம். விலைவாசி ஏறும் வருடத்தில் அதே 5,000 டாலர் என்பது வெட்டுத்தான். இது நம் ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ‘போன வருட நிதியே தொடரும்’ என்று கடிதம் வரும், ரசாயனத்தின் விலை மட்டும் தொடராது, ஏறும். ஆராய்ச்சி நிதியை இப்படித் தேக்கி வைத்துவிட்டு ‘குறைக்கவில்லையே’ என்பவர்களுக்கும் அந்த டெக்சாஸ் வாசகத்தை உரக்கச் சொல்லும் கடமை இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.

கேள்வி கேட்ட வாசகர் கடிதத்தின் அடியில், கிழக்குப் பார்த்த வாசல் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதாகவும் எழுதியிருந்தார். வாஸ்துவால் பில் குறையாது. சுற்றுவட்டாரத்தில் நம்மவர்கள் எல்லோரும் அதே வாசலுக்குப் போட்டி போட்டால் சந்தை விலை ஏறும், மதிப்பீடும் அதன் பின்னாலேயே போகும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வரி மதிப்பை ஏற்றக் கூடாது என்ற வரம்பு உண்டு. ஆனால் கைமாறிய வீட்டுக்கு அது புதிதாகத்தான் தொடங்கும். எனவே இருபது வருடமாக அங்கேயே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பில்லோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

விகிதத்தைப் பற்றிப் பேச ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டங்கள் நடக்கும், போய்ப் பேசலாம். ஆனால் உங்கள் பங்கைத் தீர்மானிக்கும் மதிப்பு அதற்குள் பெரும்பாலும் உறுதியாகிவிடும். அதற்கான ஆட்சேபனையை மே 15-க்குள், அல்லது மதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் கொடுக்க வேண்டும். பில் வருவது அக்டோபரில். உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன், நவம்பர்.