நன்கொடைப் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்?

நூலகப் பணியோடு, எங்கள் பகுதியின் மாலைநேரப் படிப்பு மையங்களுக்காக மக்கள் நன்கொடையாகத் தரும் புத்தகங்களைத் தரம் பிரித்து அனுப்பும் வேலையையும் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பெட்டிகளைத் திறந்தால் போட்டித்தேர்வு வழிகாட்டிகளும், பாடத்திட்டம் மாறிப்போன பாடநூல்களும், கனத்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுமே பெரும்பாலும் இருக்கின்றன. கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு, அதுவும் வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத குழந்தைக்கு, இவற்றுள் எதுவும் உதவுவதில்லை.

தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை, ‘கொக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் துணைக்காலும் வர, ‘கெ’ என்று படித்துவிட்டு, மிஞ்சிய காலை என்ன செய்வதென்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். 216 உயிர்மெய் எழுத்துகளும் சொல்லுக்குள் அமர்ந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டால்தான் இந்தத் தடை நீங்கும். வீட்டில் ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளைக்கு நூலில் உள்ள ‘வந்தது’ புதிய சொல்லாகவே தோன்றுகிறது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். பெரியவர் ஒருவர் அருகிலமர்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டும்போதுதான் அந்த இடைவெளி குறைகிறது.

ஆகவே, பக்கத்துக்கு ஓரிரு வரிகளும், பெரிய எழுத்தும், கதையைச் சொல்லும் படமும் கொண்ட மெல்லிய நூல்களையே கேட்டு வாங்குகிறேன். ஐம்பது வெவ்வேறு நூல்களைவிடப் பத்து நூல்களில் ஐந்தைந்து படிகள் கிடைத்தால் மகிழ்வேன். ஒரே பக்கத்தை நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து படிக்கையில் ஒருவர் தடுமாறும் இடத்தை அடுத்தவர் எடுத்துக்கொடுப்பார். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பது, எந்தப் பிள்ளைக்கு எதைத் தருவது என்பதற்கு நல்ல வழிகாட்டி. வாங்க வசதியில்லாதவர்கள், பிரதம் புக்ஸ் என்ற குழந்தை நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலுள்ள தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்செடுத்துத் தரலாம்; அதற்கு உரிமம் இடமளிக்கிறது.

ஒரு மையத்தில், கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் புத்தகங்களைப் பீரோவில் பூட்டியே வைத்திருந்தார்கள். அவற்றை வெளியே எடுத்து, அட்டைப்படம் தெரியும்படி பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். சில கிழிந்தன, ஒட்டிக்கொண்டோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எட்டுப் பக்கக் கதை ஒன்றையே ஒரு வாரம் தொடர்ந்து வீட்டுக்கு எடுத்துச் சென்று, தன் தம்பிக்குப் படித்துக் காட்டினாள்.

புத்தகம் தர நினைப்பவர்கள், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஏழு வயதுப் பிள்ளையிடம் முதலில் அதைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். நாலைந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். எங்கள் மையத்தில் பெரிய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.