"கேக்குதுங்க அம்மிணி, ஆனா வெளங்கல"

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமிருந்து என்னிடம் செவித்திறன் பரிசோதனைக்கு வருகிறவர்களில் விசைத்தறி ஓட்டியவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றேதான்: "கேக்குதுங்க அம்மிணி, ஆனா வெளங்க மாட்டேங்குது."

அதிலேயே பாதி விஷயம் எனக்குத் தெரிந்துவிடும். இரைச்சலால் கெடும் காது மொத்தமாக அடைத்துப்போவதில்லை. முதலில் பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில், ஒரு பள்ளம் விழும். உயிரெழுத்து ஒலிகள் அதற்குக் கீழே இருப்பதால் அவை நன்றாகவே கேட்கும். ச, த, ட போன்ற மெல்லிய ஒலிகள்தான் நழுவும். 'பத்து' என்றால் 'பட்டு', 'காசு' என்றால் 'காது'. பேரப்பிள்ளையின் கீச்சுக்குரல் பிடிபடாது. கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னதை மட்டும் செய்யவில்லை என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? "வேணும்னே பண்றாரு" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காது கெட்டதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

பரிசோதனை முடிந்ததும் வழக்கமாக ஒன்று கேட்பேன்: "முதல் நாள் தறிக்குப் போன அந்தப் பையன் இப்ப உங்க முன்னாடி நின்னா என்ன சொல்வீங்க?" வேறு வேலைக்குப் போகச் சொல்வேன் என்பார்கள் சிலர். முப்பத்தைந்து வருஷம் தறி ஓட்டிய ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மொத நாள் ராத்திரி காதுல கொய்ங்னு சத்தம். ஒரு வாரத்துல பழகிரும்னாங்க. பழகிருச்சுன்னுதான் நானும் நெனச்சேன். அது பழகலடா, காது போயிட்டிருக்குதுன்னு சொல்லுவேன்."

நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் வாழ்ந்து தெரிந்துகொண்டிருக்கிறார். உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில், ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. பெரிய சத்தத்தில் இவை துவண்டுபோகும். ஒரு ராத்திரி ஓய்வு கிடைத்தால் ஓரளவு நிமிரும், அதனால்தான் காலையில் எல்லாம் சரியான மாதிரி இருக்கிறது. தினமும் இதே நடந்தால் ஒவ்வொன்றாகச் செத்துவிடும். மனிதக் காதில் அவை திரும்ப முளைப்பதில்லை. மருந்தும் இல்லை. காது மெஷின் உதவும், ஆனால் பழைய தெளிவு அப்படியே திரும்பி வராது.

கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றும் பாதுகாப்பு அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். பல தறிகள் ஓடும் கூடத்தில் சத்தம் சாதாரணமாக 90-ஐத் தாண்டும். ஷிப்டோ 12 மணி நேரம்.

கழிவு நூலை உருட்டிக் காதில் வைப்பார்கள், பஞ்சு வைப்பார்கள். அவை சத்தத்தைத் தடுப்பது மிகக் குறைவு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள், விலை அதிகமில்லை. விரல்களால் மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை. போட்டால் தறி நின்றது தெரியாது என்று பயப்படுகிறார்கள். இரைச்சல் குறைந்தாலும் தறியின் ஓட்டம் மாறுவது காதுக்குத் தெரியும், சில நாளில் பிடிபட்டுவிடும்.

இது தொழிலாளியின் பொறுப்பு மட்டுமில்லை. இரைச்சலால் வரும் காதுக்கேடு சட்டத்திலேயே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. முதலாளிகள் காதடைப்பான்களைப் பெட்டியாக வாங்கிக் கூடத்து வாசலில் வைக்கலாம்.

அந்தப் பெரியவர் அடுத்த வாரம் பேரனைக் கூட்டிவந்தார். 22 வயசு, தறிக்குப் போய் மூன்று வருஷம். 4000-இல் சின்னதாக ஒரு பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. வரைபடத்தைக் காட்டி, காதடைப்பானைப் போடச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை வழுக்கி வெளியே வந்தது. மூன்றாவது தடவை பெரியவர்தான் அவன் காதுமடலை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.