முதல் கல்யாண ஆர்டரை ஒத்துக்கொள்ளும் முன்

பள்ளிக்கூட வயதில் கேமரா கைக்கு வந்து, தட்டான், தென்னந்தோப்பு, நோம்பித் தேர் என்று எடுத்துப் பழகியவருக்கு ஒருநாள் சொந்தத்திலேயே கல்யாணம் வரும். "நீயே எடுத்துரு கண்ணு" என்பார்கள். கொங்குப் பக்கம் பலர் இந்தத் தொழிலுக்குள் வருவது இப்படித்தான். தட்டான் நல்ல வெயிலில் வந்து உட்காரும்வரை காத்துக்கிடக்கலாம். தாலிகட்டை இன்னொரு தரம் கேட்க முடியாது.

விடியற்கால முகூர்த்தம் என்றால் வெளிச்சம் முழுக்க மண்டபத்து விளக்குதான். மஞ்சள் சரவிளக்கு, மேடையோரத்து ஊதா எல்இடி, வீடியோக்காரரின் வெள்ளை லைட் மூன்றும் ஒரே முகத்தில் விழும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஆல்பத்தில் அதே கூறைப்புடவை ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் ஆரஞ்சு. அதன் அளவான கெல்வினை 4000-க்கும் 4500-க்கும் இடையில் ஒரே எண்ணில் நிறுத்தி, ரா ஃபைலாக (கேமரா சுருக்காத மூலப் படமாக) எடுத்தால் பிறகு மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். ஃபிளாஷை மேலே திருப்பி அடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் தலைக்கு மேல் சிவப்புத் துணிப் பந்தல் இருந்தால் பொண்ணு முகமும் சிவந்துவிடும்.

படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் கேமரா கெட்டுப்போனதாகப் பலர் பதறுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 விநாடிக்குப் போனால் அந்த மினுக்கலில் ஒரு துண்டுதான் படத்தில் பதியும். 1/100-க்கு இறக்குங்கள், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். நிறம் மாறும் மேடை விளக்குகள் இதற்கும் அடங்காமல் போகலாம். முதல் நாள் ராத்திரியே நாலு படம் எடுத்துப் பாருங்கள்.

வெள்ளை வேட்டி கூட்டம் ஃபிரேமை நிறைத்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும், முகங்கள் கறுக்கும். எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில், முக்கால் ஸ்டாப் கூட்டினால் சரியாகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

சீர், அதாவது கல்யாணச் சடங்கு, தெரியாமல் போவதுதான் இதையெல்லாம்விடப் பெரிய தப்பு. மாப்பிள்ளையும் அவர் உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கும் இணைச்சீரை விட்டுவிட்டு, தாலிகட்டை மட்டும் நூறு படம் எடுத்து என்ன பயன்? எந்தச் சீர் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து என்று சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். மணமக்களை வாழ்த்தும் பாட்டான மங்கல வாழ்த்து பாடும் நேரம் நீளமானது. மேடையைவிடக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகத்தில்தான் அப்போது படம் இருக்கிறது.

இனி மெமரி கார்டு. 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சுமார் 28 எம்பி என்று வைத்தால், 3000 படத்துக்கு 84 ஜிபி ஆகும். கார்டு போட இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வைக்க வேண்டும். ஸ்லாட் ஒன்றுதான் என்றால் ஒரே பெரிய கார்டை நம்பாமல் 64 ஜிபி கார்டுகளாக மாற்றி மாற்றிப் போடுங்கள். கார்டு 'எரர்' காட்டினால் உடனே கழற்றி, பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிவிட்டுத் தனியாக வையுங்கள். அழிந்ததாகத் தெரியும் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதே கார்டில் மேற்கொண்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் அவற்றின் மேல் ஏறி உட்காரும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். இரண்டு டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் ஒரு மின்னல் போதும். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

லென்ஸுக்கு இஎம்ஐ போடும் முன், ஒரு சீசன் யாருக்காவது லைட் பிடிக்கப் போய் வாருங்கள். கோயம்புத்தூரில் லென்ஸ் வாடகைக்கே கிடைக்கும்.

ஆல்பம் 12×36 அங்குலம் என்றால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10800×3600 பிக்சல். நடுவில் மடிப்பு வரும். அங்கே முகம் வைக்காதீர்கள். பிரிண்ட் போடும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிற அமைப்பில் அனுப்பினால் நிறம் மங்காது. மானிட்டர் பளிச்சென்று இருந்தால் நீங்கள் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவீர்கள், பிரிண்ட் இருட்டாக வரும். முழு ஆல்பத்துக்கு முன் ஒரு 4×6 பிரிண்ட் போட்டு, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.