வால் முளைத்த பையன்

"டாக்டர், என் பையனுக்கு ரெண்டு நாளா வால் முளைச்சிருக்கு."

கல்லூரி நாடகக் குழுவின் பயிற்சியில் ஒரு மாணவி இப்படி ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. டாக்டராக நிற்பவர், "வாலா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும். "உங்களுக்கு எந்த வயசுல விழுந்துச்சு?" என்று கேட்டால்? அம்மாவுக்கு ஒரு முன்கதை கிடைத்துவிட்டது, வால் அந்தக் குடும்பத்துச் சொத்தாகிவிட்டது.

இம்ப்ராவ் எனப்படும் இந்த நாடக வகையின் இன்றைய வடிவத்துக்கு ஒரு முக்கியமான தொடக்கம் 1955-இல் சிகாகோவில் நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த இளைஞர்கள் 'காம்பஸ் பிளேயர்ஸ்' என்ற பெயரில் ஒரு மதுக்கடையில் நடித்தார்கள். சிறுவர்களுக்காக வயோலா ஸ்போலின் என்ற நாடக ஆசிரியை உருவாக்கிய விளையாட்டுகள்தான் அவர்களுக்குப் பயிற்சி.

இதற்கு வாய்சாமர்த்தியம் வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் வேண்டியது காது. 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். குழுவாக உட்கார்ந்தவர்கள் முறைவைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்கள். தன் முறைக்குச் சற்றுமுன் மற்றவர் வாசித்த சொற்கள்தான் பலருக்கு நினைவில் நிற்கவில்லை. அடுத்து நாம்தானே என்ற பதற்றத்தில் கவனம் உள்ளே திரும்பிவிடுகிறது. புதிதாக மேடையேறும் மாணவர் சொதப்புவதும் பெரும்பாலும் இதனால்தான்: மனதுக்குள் தன் நகைச்சுவையை ஒத்திகை பார்க்கிறார், எதிரே சொன்ன 'வால்' காதில் விழவே இல்லை.

சாதாரணப் பேச்சிலும் நாம் முந்திக்கொண்டுதான் தயாராகிறோம். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 0.6 நொடி ஆகும். ஆக, எதிராளி முடிப்பதற்குள்ளேயே பதில் தயாராகத் தொடங்கிவிடுகிறது. "சாப்பிட்டாச்சா?" போன்ற கேள்விக்கு இது போதும். ஆனால் தமிழில் வினை கடைசியில் வரும். "நேத்து கடைத்தெருவுல என் பையனை..." பார்த்தேனா, தொலைத்தேனா, விற்றேனா? அந்தக் கடைசிச் சொல் வரும்வரை பொறுத்திருப்பவர்தான் பிழைப்பார்.

அதற்குத்தான் 'ஆமாம், அப்புறம்' என்ற விதி. சொன்னதை ஏற்றுக்கொள், ஒரு படி கூட்டு. முழுக்கதையையும் யோசிக்கும் சுமை தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? ஜாஸ் பியானோ கலைஞர்கள் மனம்போனபடி வாசிக்கும்போது எடுத்த ஸ்கேன்களில், தன்னைத் தானே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளைப் பக்கப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது (2008). ஆறே பேர், அதுவும் இசை. நாடகத்துக்கு அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதிதான். நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது. 'வள்ளி திருமணம்' கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றிரவு தர்க்கக் காட்சியில் நாரதர் என்ன கேட்கப்போகிறார் என்பது வள்ளிக்கு அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும்.