டயலை அடியில் ஒளித்த எரிக்கோஃபோன்

மேசைமேல் ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு ரிசீவர்: வீட்டுத் தொலைபேசி நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஹியூகோ புளோம்பெர்க், ரால்ஃப் லைசெல், யோஸ்டா தாமெஸ் ஆகியோர் 1940களில் அந்தப் பெட்டியையே நீக்கிவிட்டார்கள். 1954இல் நிறுவனங்களுக்கும் 1956இல் வீடுகளுக்கும் வந்த எரிக்கோஃபோனில் கேட்பது, பேசுவது, எண் சுழற்றுவது எல்லாம் ஒரே உடலில். நிமிர்ந்த கழுத்தைப் பார்த்து ஸ்வீடன்காரர்கள் அதைக் கோப்ரா என்றார்கள்.

டயல் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதன் நடுவே ஒரு பொத்தான். கீழே வைத்தால் போனின் எடையே பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டிக்கும். தூக்கினால் பொத்தான் வெளியே வரும், மின்சுற்று மூடும், டயல் தொனி கேட்கும். அழகும் தொல்லையும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. மெத்தைமேல் வைத்தாலோ பக்கவாட்டில் சாய்த்தாலோ பொத்தான் முழுதாக அழுந்தாது. இணைப்பு துண்டாகாமலே கிடக்கும், அழைப்பவருக்கு 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும்.

டயலைச் சுழற்றி விட்டதும் சுருள்வில் அதைத் திருப்பும்போது சுற்று விட்டுவிட்டு அறுபடுகிறது: நொடிக்குச் சுமார் 10 துடிப்புகள். 1க்கு ஒன்று, 0க்குப் பத்து. 999க்கு 27 துடிப்புகள். 2002இல் சிங்கப்பூர் வீட்டு எண்களின் முன்னே 6 சேர்ந்ததால் ஒவ்வோர் அழைப்புக்கும் ஆறு துடிப்புகள் கூடின. 0 திரும்பி வர ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகலாம். இரண்டு நொடி இழுத்தால் உள்ளே மசகு காய்ந்திருக்கிறது, எண் தவறிப்போகும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் முதலில் கெடுவது பொத்தானின் தொடுமுனைகள். அவை கறுத்தால் கரகரப்பு வரும், தொனியும் விட்டுவிட்டுக் கேட்கும். முதலில் லைனைப் பிடுங்குங்கள். மணி அடிக்கும்போது அதில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் வரலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த தடித்த காகிதத் துண்டை முனைகளுக்கிடையே வைத்து மெல்ல இழுத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். பின் மல்ட்டிமீட்டரில் பாருங்கள்: பொத்தானை அழுத்தினால் சுற்று திறந்திருக்க வேண்டும், விட்டால் மின்தடை குறைய வேண்டும்.

இன்றைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தொலைபேசி பெரும்பாலும் கண்ணாடியிழை இணையப் பெட்டியின் ஆர்ஜே11 என்ற தொலைபேசித் துளையில்தான் செருகப்படுகிறது. முதல் எண்ணைச் சுழற்றிய பிறகும் டயல் தொனி நிற்கவில்லையென்றால், அந்தப் பெட்டிக்குத் துடிப்புகள் புரியவில்லை. துடிப்பைப் பெட்டிக்குப் புரியும் தொனியாக்கும் சிறு மாற்றியைப் போனுக்கும் பெட்டிக்கும் நடுவே இணைக்க வேண்டும். அழைப்பு வந்தும் சத்தமில்லையா? பழுதென்று உடனே முடிவு கட்டாதீர்கள். தொடக்ககால எரிக்கோஃபோன்களில் மணியே கிடையாது. அதே இரண்டு கம்பிகளில் தனி மணியை இணையாகப் பொருத்த வேண்டும்.