அரிமானம்: தகர டப்பாவுக்குள் இருப்பது துருவா?

அன்னாசித் துண்டுகள் அடைத்திருந்த டப்பாவைக் காலி செய்துவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். பாகு தொட்ட இடமெல்லாம் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். உற்றுப் பார்த்தால் இறகுகளைப் பரப்பியதுபோல் படிகக் கோலம் தெரியும். இதைத் துரு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. காற்றும் ஈரமும் சேர்ந்து இரும்பில் உண்டாக்கும் செம்பழுப்புப் பொடியே துரு. செம்பில் படிவது களிம்பு. உலோகம் இப்படிச் சிறுகச் சிறுக அரிபடுவதைக் குறிக்க, எல்லா உலோகங்களுக்கும் பொதுவான சொல் அரிமானம்.

அரிமானத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கரோஷன்' லத்தீன் மொழியின் 'ரோடெரே' என்ற வினையிலிருந்து வந்தது, பொருள், கொறித்தல். எலியையும் அணிலையும் சுட்டும் 'ரோடென்ட்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழில் கறையான் மரத்தை அரிக்கிறது, ஏடு செல்லரிக்கிறது. ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்காமலே இரண்டு மொழிகளும் சிறுகச் சிறுகத் தின்னும் உயிரைத்தான் நினைத்திருக்கின்றன. எனக்கு இதில் தீராத வியப்பு. 'அரிப்பு' என்றாலும் பிழையில்லை. ஆனால் தோல் அரிப்பும் மண் அரிப்பும் அதனுள் வந்து புகுந்துகொள்ளும். தேய்மானம், கட்டுமானம் போல அமைந்த 'அரிமானம்' பொருள் மயங்காது.

'தகரம்' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. உலோகத்துக்கும் அதுவே பெயர், டப்பா செய்யும் தகட்டுக்கும் அதுவே பெயர். உலோகத்தை வெள்ளீயம் என்பதே தெளிவு. 1810இல் பீட்டர் டியூராண்ட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு, தகர டப்பா என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடுதான். இன்று இரும்புக்குப் பதில் எஃகு.

வெளிப்புறத்தில் கீறல் விழுந்தால் எஃகுதான் முதலில் அரிபடும். அங்கே துரு என்பது சரி. உள்ளே நிலைமை தலைகீழ். ஆக்சிஜன் மிகக் குறைவு. பழத்தின் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் கரைந்து வரும் வெள்ளீய அயனிகளைப் பிணைத்துக்கொள்கின்றன. அதனால் வெள்ளீயம் தான் கரைந்து, பூச்சின் நுண்துளைகளின் அடியில் தெரியும் எஃகைக் காக்கிறது. பழத்தில் நைட்ரேட் மிகுந்தால் இந்தக் கரைவு விரைவாகும். பூச்சு தீர்ந்து எஃகு வெளிப்பட்டதும் ஹைட்ரஜன் வாயு பெருகி டப்பா உப்பும்.

டப்பாவில் அடைத்த உணவில் வெள்ளீயத்துக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 250 மில்லிகிராம், பானங்களுக்கு 150. திறந்த டப்பாவில் காற்று புகுவதால் அரிமானம் வேகம் பிடிக்கும். மிஞ்சிய பழத்தை உடனே கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.